கைமேல் வைத்த தாள்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் இன்று எத்தனையோ கம்பெனிகள். ஒவ்வொன்றிலும் ஒரு முதலுதவி அறை இருக்கிறது. அந்த அறைகளில் புதிதாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குடித்திருக்கிறானா என்று ஊதவைத்துப் பார்க்கும் கருவி உங்களிடம் இருக்கிறது. ரத்த அழுத்தத்தை எண்ணாகவே காட்டும் பெட்டி இருக்கிறது. எங்களுக்கு இருந்தது ஒரு மூக்கும் ஒரு வெள்ளைத் தாளும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் வேலையைப் பறிக்க இருந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் எட்டாம் வகுப்பில் பாதியில் வீட்டை விட்டு வந்தவன். ஓட்டலில் தட்டு கழுவினேன். லாரி கிளீனராக நாக்பூர் வரைக்கும் போனேன். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். கட்டுப் போடக் கற்றுக்கொண்டது அங்கேதான். எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாண்டி இருந்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஸ்பிரிங் தொழிற்சாலையில் டிரஸ்ஸர் வேலை கிடைத்தது. காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவனுக்கு அப்போது அந்தப் பெயர். சுற்றிலும் ஏரியும் நெல்லும்தான். தொழிலாளிகளில் பாதிப்பேர் மண்ணூர், பிள்ளைப்பாக்கம் போன்ற ஊர்களிலிருந்து சைக்கிளில் வருவார்கள்.

முதலுதவி அறைக்குப் பின்னால் ஒரு தடுப்பு. அதில் ஒரு கட்டில், ஒரு பலகை அலமாரி. அதுதான் என் வீடு. பொங்கலுக்குத் தொழிற்சாலை மூடினால் வாட்ச்மேனும் நானும் மட்டும் இருப்போம். அவரும் மாட்டுப்பொங்கலன்று ஊருக்குப் போய்விடுவார்.

டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், செவ்வாயும் வெள்ளியும். முப்பது வயதுகூட ஆகாத பெண். பூந்தமல்லியில் பஸ் மாறி வருவார். மற்ற நாட்களில் நான்தான் எல்லாம்.

வேலையில் குடித்திருக்கிறான் என்று சந்தேகம் வந்தால், ஆளை ஃபோர்மேன் என்னிடம் அழைத்து வருவார். நான் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதில் மூன்று கட்டம்: வாடை, நடுக்கம், பேச்சு. முகர்ந்து பார்த்து முதல் கட்டத்தை நிரப்ப வேண்டும். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வைக்க வேண்டும். தாள் ஆடினால் நடுக்கம் உண்டு. எனக்கு முன்னால் இருந்த டிரஸ்ஸர், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போன அன்று, இதைச் சொல்லித் தந்தார். "தாள் ஆடினா தண்ணி, அவ்ளோதான்" என்றார். நானும் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். சீட்டு, வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீசுக்குப் போகும். ஒரே ஆளுக்கு மூன்று சீட்டு சேர்ந்தால் விசாரணை. விசாரணை என்றால் அனேகமாக வேலை போய்விடும்.

ஏகாம்பரம் மண்ணூர்க்காரர். கம்பியைச் சுருளாகச் சுற்றும் மெஷினில் பத்து வருட ஆள், நிரந்தரம். யாரையும் 'டா' போட்டுப் பேசாதவர். பக்கத்து மெஷின்காரன் டீயைத் தட்டிவிட்டாலும், "போவட்டும், வுடு" என்பார். அவர் ஒருநாள் தன் ஸ்டூலை யாரோ நகர்த்தி வைத்தார்கள் என்று ஸ்பேனரைச் சுவரில் வீசினார். ஃபோர்மேன் அவர் கையைப் பிடித்து அறைக்குக் கொண்டுவந்தார்.

ஏகாம்பரத்துக்கு வேர்த்து ஊற்றியது. மார்கழி மாதம், மற்றவர்கள் காதை மூடித் துண்டு கட்டியிருந்தார்கள். தாளை வைத்தேன். ஈ உட்கார்ந்து இறக்கையை அடிப்பதுபோல ஆடியது. நடுக்கம் உண்டு என்று எழுதினேன். வாடைக் கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. எனக்கு மூன்று நாளாக ஜலதோஷம். மூக்கு அடைத்து, குடித்த டீயின் மணம்கூடத் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், மூக்கு இல்லாத டிரஸ்ஸர் எதற்கு என்று கேட்பார்களோ என்று ஒரு கூச்சம்.

"இன்னாபா, காலியா வுட்டுகிற?" என்றார் ஃபோர்மேன். "கையி இந்த ஆட்டம் ஆடுது, வாடை மட்டும் லீவுல போய்க்கிதா?"

நான் 'உண்டு' என்று எழுதினேன். மூன்றெழுத்துதானே கூடுதல் என்று அப்போது தோன்றியது. ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். கண் சற்றுப் பிதுங்கினாற்போல இருந்தது. அதையும் குடியின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து இரண்டாவது சீட்டு. இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார். இம்முறை எனக்கு ஜலதோஷம் இல்லை. ஆனால் நான் முகர்ந்தும் பார்க்கவில்லை. முதல் சீட்டில் உண்டு என்று இருக்கிறதே, ஆள் அப்படித்தானே என்று கை தானாக எழுதியது. முதல் தப்பைவிட இது பெரியது. முதல் தப்புக்கு அடைத்த மூக்கைக் காரணம் சொல்லலாம்.

அடுத்த வாரம் சாப்பாட்டு வேளையில் ஒரு பெண் வாசல் கேட்டுக்கு வந்து என்னை விசாரித்தாள். ஏகாம்பரத்தின் மனைவி தேவகி. இடது புருவத்துக்குமேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கோபத்தில் அவர் வீசிய சொம்பு பட்டதாம். அதைத் தானாகச் சொல்லவில்லை, நான் கேட்டபிறகுதான் சொன்னாள். அவள் சொல்ல வந்தது வேறு. கணவர் குடிப்பதே இல்லை என்றாள். ஒரு பானைச் சோற்றைத் தனியாகச் சாப்பிடுகிறார், ஆனால் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. இந்தப் பனியில் வாசலில் வெறும் தரையில் படுக்கிறார். விடியுமுன் எழுந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். கோழி கூவினால் கோபம், பிள்ளை சிரித்தால் அழுகை.

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எவனுக்கும் இதில் ஏதோ ஒன்று உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. குடியை விடச் சொல்லம்மா, எல்லாம் சரியாகிவிடும் என்றேன்.

"நீங்க மோந்து பாத்தீங்களா சார்?" என்றாள்.

பார்த்தேன் என்றேன்.

அவள் பிள்ளையை அழைத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். வேலையும் போய், ஆளும் இப்படி ஆனால் அங்கே இருந்து என்ன செய்ய என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

மூன்றாவது முறை ஏகாம்பரம் யாரையும் திட்டவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு அதன்மேல் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தார். ஏன் என்றால் தெரியவில்லை என்றார். "குடிச்சவன் அய்வான், தெரிஞ்சதுதானே" என்று ஃபோர்மேன் இழுத்து வந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. டாக்டர் திரைக்குப் பின்னால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் வழக்கப்படி கையை நீட்டச் சொல்லித் தாளை வைத்தேன். தாள் படபடத்தது. எடுக்கப் போனேன்.

"அந்தத் தாளை எடுக்காதீங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

டாக்டர் சோற்றுக் கையோடு வெளியே வந்து நின்று தாளையே பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, ஏகாம்பரத்தின் முகத்தருகே குனிந்து முகர்ந்தார். என்னைக் கேட்கவில்லை. அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, தொண்டையைக் கவனித்தார். விழுங்கும்போது கழுத்தின் அடியில் ஒரு வீக்கம் மேலே ஏறி இறங்கியது. எலுமிச்சைப் பழத்தில் பாதி இருக்கும். சட்டைக் காலர் அதை இத்தனை நாள் மறைத்திருந்தது. நாடியைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"இவர் குடிக்கல. தைராய்டு. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தை டெஸ்டுக்குக் கொடுக்கணும்" என்றார்.

ஃபோர்மேன், "கய்த்துல கட்டி இருந்தா கோவம் வருமா மேடம்? எங்க வூட்டுக்காரிக்கும் பாத்துடலாம் போலகீது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு, அதே தாளைத் திருப்பிப்போட்டு டாக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். தாள் ஆடுகிறதா என்று பார்ப்பது உண்மையில் இந்த நோயைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் செய்யும் சோதனைதான் என்றார். யாரோ எங்கேயோ பார்த்துவிட்டு வந்து அதைக் குடிக்கான சோதனையாக மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

மூளையின் நடுவே ஆழத்தில் சில பகுதிகள் இருக்கின்றன, லிம்பிக் என்று சேர்த்துச் சொல்வார்கள் என்றார். பயம், கோபம், ஆசை, அழுகை எல்லாவற்றுக்கும் அங்கே வேர். யோசிக்கிற மூளை நெற்றிப் பக்கம் இருக்கிறது, அதற்குச் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். உடம்பிலுள்ள சுரப்பிகள் ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்கள் அந்த ஆழத்துப் பகுதிகளையும் போய்த் தொடுகின்றன. ஏகாம்பரத்தின் கழுத்துச் சுரப்பி அளவில்லாமல் சுரக்கிறது. அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வேர்க்கிறது, கை நடுங்குகிறது.

"ஒடம்பு சண்டைக்குத் தயாராயிடுது. ஆனா எதிர்ல ஆள் இல்ல. அப்போ மூளை இன்னா பண்ணும்? யார் மேல கோவம்னு ஒரு ஆளைத் தேடும். பக்கத்துல யார் இருக்காங்களோ, அவங்கதான்" என்றார்.

பிளாஸ்திரி ஒட்டிய புருவம் எனக்கு நினைவு வந்தது.

இதைக் கேட்டபிறகு பழைய விஷயம் ஒன்றும் விளங்கியது. ஒருமுறை பிரஸ் மெஷினில் விரல் நுனி போன ஒருவன், அறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஜோக்கடித்துக்கொண்டிருந்தான். தைரியசாலி என்று நினைத்து, அவனைத் தனியாக நடந்து போகவிட்டேன். வாசற்படியில் மயங்கி விழுந்து தலையிலும் அடிபட்டது. அவன் சிரித்தது தைரியத்தால் அல்ல, அடிபட்ட நேரத்தில் உடம்பு கலந்துவிட்ட அட்ரினலின் வலியை மூடி வைத்திருந்தது. சிரிக்கிற காயக்காரனை நீங்கள் படுக்க வையுங்கள். கத்துகிறவன் கொஞ்சம் காத்திருப்பான்.

டாக்டரிடம் அன்று வெட்கத்தை விட்டு ஒன்று கேட்டேன். எனக்கும் கழுத்தைப் பாருங்கள், என்னால் ஓர் ஊரில் தங்க முடிவதில்லை, இருப்புக்கொள்ளாமல் கிளம்பிவிடுகிறேன் என்றேன். அவர் சிரிக்காமல் கழுத்தைத் தடவினார், நாடி பார்த்தார், தாளும் வைத்தார். தாள் அசையவில்லை.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு சுரப்பி இருந்திருந்தால் அதன்மேல் போட்டிருக்கலாம்.

ரத்தப் பரிசோதனை டாக்டர் சொன்னதையே சொன்னது. ஏகாம்பரத்துக்கு மாத்திரை தொடங்கினார்கள். ஆனால் ஃபோர்மேன் அன்றே புகார் கொடுத்திருந்தார், விசாரணை நிற்கவில்லை. மூன்றாவது தடவையை டாக்டரின் கடிதம் அடித்துவிட்டது, சரி. முதல் இரண்டு சீட்டில் 'வாடை உண்டு' என்று இருக்கிறதே என்றார், ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர். கழுத்துக் கட்டி இருக்கிறவன் குடிக்கக் கூடாது என்று சட்டமா? அந்த இரண்டு நாளும் டாக்டர் இல்லை. அந்த வாடைக்கு உலகத்தில் ஒரே சாட்சி நான்தான்.

விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டம். டாக்டர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஏகாம்பரம் வந்து சண்டை போட்டிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். அந்தத் தடுப்புக்குள் நான் நாலு வருடம் இருந்துவிட்டேன். வீட்டை விட்டு வந்தபிறகு அதுவரைக்கும் அதுதான் அதிகம். அலமாரியில் என் டம்ளருக்கு என்று ஒரு வட்டக்கறை விழுந்திருந்தது. பொய் எழுதினேன் என்று சொன்னால் அதுவும் போகும். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன். எனக்குப் பழக்கமான வழி அது. பையைக்கூட எடுத்து வைத்தேன். நான் போய்விட்டால் சீட்டுகள் மட்டும் இருக்கும், அவை பேசிக்கொண்டே இருக்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. பையைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

விசாரணை அறையில் பர்சனல் ஆபீசர், ஃபோர்மேன், ஏகாம்பரம், அவருக்காக ஒரு யூனியன் ஆள். முதல் சீட்டை என்னிடம் கொடுத்து, இது உங்கள் கையெழுத்துதானே என்றார் ஆபீசர். வாங்கினேன். சீட்டு என் விரல்களுக்கு நடுவே படபடவென்று ஆடியது. நிறுத்தப் பார்த்தேன், இன்னும் ஆடியது.

"இன்னாங்க, நீங்களும் போட்டுட்டு வந்துகிறீங்களா?" என்றார் ஆபீசர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். பயம்" என்றேன். "பயத்துக்கும் கை ஆடும். நான் இத்தன நாளா ஆடற கைய மட்டும்தான் பாத்துகினு இருந்தேன். மொத சீட்டு எழுதின அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். ஒரு வாடையும் தெரியல. ரெண்டாவது தபா நான் மோந்தே பாக்கல. ரெண்டும் பொய்."

 ஃபோர்மேன் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுத்ததாக நினைத்தார். நான் அவர் பெயரையே எடுக்கவில்லை. எழுதிய கை என்னுடையது.

சீட்டுகள் ரத்தாயின. ஏகாம்பரத்தை மருத்துவ விடுப்பில் அனுப்பினார்கள். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்து, வேலையில் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சம்பளத்துக்கு வேறு டிரஸ்ஸர் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேன்டீனில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. தொழிலாளிகளுக்கு நான் பொய் எழுதினவன். மேலே இருந்தவர்களுக்கு நான் அதை ஒப்புக்கொண்டவன். காயத்தோடு வருகிறவன்கூட, நான் பதிவேட்டில் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவான். பார்க்கட்டும் என்று பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து எழுதப் பழகினேன். நீங்களும் அப்படிச் செய்யலாம், யாரும் எட்டிப் பார்க்கும்வரை காத்திருக்காமலே.

விடுப்பின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பார்க்க வந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன். சொம்பை வீசினது நான் இல்லை, இந்தக் கட்டிதான் என்று தேவகிக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். டாக்டர் தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"கோவத்தைக் கொளுத்திவிட்டது கட்டிதான்னு எழுதித் தரேன். வீசினது கட்டின்னு எழுத முடியாது, ஏகாம்பரம். அதை நீங்கதான் போய்ப் பேசணும்" என்றார்.

அவர் பிள்ளைப்பாக்கம் போனார். தேவகி கடிதத்தை வாங்கவே இல்லையாம். இரண்டு ஞாயிறு வந்து அவளுடைய அம்மா வீட்டு வாசலில் படுத்திருக்கச் சொன்னாளாம். இரண்டாவது ஞாயிறு, விடியற்காலைத் தூக்கத்தில் பனிக்காற்று வீசியபோது அவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பழையபடி அவருக்குக் குளிர் உறைக்கிறது என்று பார்த்தபிறகுதான் துணிமணியை எடுத்துக்கொண்டு கூடக் கிளம்பினாளாம். ஷிப்ட் மாறும்போது என் ஜன்னலுக்கு வெளியே பேசிக்கொண்டார்கள். எனக்கு யாரும் நேரில் சொல்லவில்லை.

ஏகாம்பரம் மறுபடி வேலையில் சேர்ந்த காலை, சைரன் ஊதுவதற்கு முன்னால் நேராக என் அறைக்கு வந்தார். உடம்பில் சதை பிடித்திருந்தது. பிதுங்கியிருந்த கண் பழையபடி உள்ளே அடங்கியிருந்தது. அதன்பிறகு எத்தனையோ வருடம் நாங்கள் ஒரே கேட்டுக்குள் இருந்தோம், கை கிழிந்தால்கூட துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்த் தையல் போட்டுக்கொள்வாரே தவிர, என்னைத் தேடி அவர் வந்தது அந்த ஒரு முறைதான்.

எதுவும் பேசாமல் மேஜைக்கு எதிரே நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். நான் தாளை எடுத்து வைத்தேன். அது அசையாமல் கிடந்தது. உடனே எடுக்காமல் அறுபது வரைக்கும் எண்ணினேன், ஏமாற்றக் கூடாது என்று. எண்ணி முடித்தபிறகும் அப்படியே கிடந்தது.

"எழுதுங்க" என்றார்.

சீட்டை எடுத்து நடுக்கம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பேச்சுக்கு 'தெளிவு' என்று எழுதினேன். வாடைக் கட்டத்திலும் எழுதப் போனேன். அவர் மேஜைமேல் கையை ஊன்றி, முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"மோந்து பாத்துட்டு எழுதுங்க சார்."

பேனாவைக் கீழே வைத்தேன். குனிந்து, மூச்சை உள்ளே இழுத்தேன். வெற்றிலை, அதற்கடியில் மெஷின் எண்ணெய், சட்டையில் வெயிலில் காய்ந்த சோப்பு. நாலு வருடத்தில் நான் எவ்வளவோ பேருக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். ஒரு மனிதனை இவ்வளவு அருகில் போய் முகர்ந்து பார்த்தது அப்போதுதான்.

வாடை: இல்லை.

அவர் எழுத்துக் கூட்டி மூன்று கட்டத்தையும் படித்தார். பிறகு சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனார். அது டைம் ஆபீசுக்குப் போகவேண்டிய சீட்டு. நான் திருப்பிக் கேட்கவில்லை.